தூண் அண்ணன் உட்கார்ந்த நாள்

சிங்கப்பூரில் இத்தனை கட்டடங்கள் நிமிர்ந்து நிற்பதற்கு ஒரே காரணம், தூண் அண்ணன் முப்பது வருஷத்துக்கும் மேலாக உட்காராமல் இருப்பதுதான். பொறியாளர்கள் வேறு காரணம் சொல்வார்கள். அஸ்திவாரம், மண் பரிசோதனை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுவார்கள். நம்பாதீர்கள். அந்தக் கட்டடங்களுக்குள் இருக்கும் கம்பியில் பாதி, ஜூரோங்கில் அவருடைய இரும்பு யார்டிலிருந்து போனது. முதலாளியே நிற்கும்போது நாம் எப்படிச் சாய்வது என்ற மரியாதையில்தான் அவை நின்றுகொண்டிருக்கின்றன.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பாஸ்போர்ட்டுக்கு மட்டும். நம் ஆட்கள் கூடும் தேக்கா வட்டாரத்தில் அவர் தூண் அண்ணன். மலாய் லாரி ஓட்டுநர்கள் 'தியாங்' என்பார்கள். அவர்கள் மொழியில் அதுவும் தூண்தான். சீன வாடிக்கையாளர்கள் வேறு ஏதோ சொல்வார்கள். அதற்கும் அதுதான் அர்த்தமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் சிரித்துத் தலையாட்டி வைப்போம்.

இரும்பு வியாபாரத்தில் இந்த ஊரில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. மூன்று யார்டு, வானத்தைச் சுரண்டும் கிரேன்கள், கப்பலில் வந்திறங்கும் சரக்கு. இவ்வளவு இருந்தும் அவருடைய ஆபீஸில் ஒரு நாற்காலிகூட இல்லை. மேஜைகள் எல்லாம் நெஞ்சளவு உயரம். எல்லோரும் நின்றுகொண்டே வேலை பார்க்க வேண்டும். உட்காருவதற்கென்று அங்கே ஒரே ஓர் இடம் உண்டு. அதற்குள் போனால் கதவைத் தாழிட்டுக்கொள்ள வேண்டும். அதன் வாசலில் எந்நேரமும் வரிசை.

அந்த வரிசையில் அதிகம் நின்றவன் நான்தான். அவருடைய ஆபீஸ் மேனேஜர்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்குப் பதற்றம் என்பது கூடப்பிறந்தது. எம்ஆர்டி ரயிலில் கதவு மூடும் மணி அடித்தால், உள்ளே பத்திரமாக உட்கார்ந்திருக்கும் நான் திடுக்கிட்டு எழுந்து நிற்பேன். போன் அடித்தால் முதலில் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனைத் தொடுவேன். இப்படிப்பட்டவன் இரும்பு யார்டில் வேலைக்கு எப்படிச் சேர்ந்தேன் என்று கேட்பீர்கள். நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, எவ்வளவு அழுத்தம் வந்தாலும் நிதானம் இழக்க மாட்டேன் என்று ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதைச் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில் வெளியே கிரேனிலிருந்து ஒரு தகடு கீழே விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் தீயணைப்புப் பயிற்சி என்று நினைத்து வாசலில் வந்து கூடிவிட்டார்கள்.

தூண் அண்ணன் நின்ற இடத்தில் நின்றபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாளைக்கு வந்து சேந்துக்க."

"சார், நான் இப்பக் கத்தினது..."

"அதுக்குத்தான்யா வேலை. இங்க உள்ளவனுங்க எல்லாம் கல்லு மாதிரி. தலையில கம்பி விழுந்தாலும் தடவிக்கிட்டுப் போவானுங்க. ஏதாச்சும் தப்பு நடந்தா மொதல்ல கத்துறதுக்கு எனக்கு ஒரு ஆள் வேணும். உன் பேரு என்ன சொன்னே?"

சொன்னேன்.

"வேணாம். சைரன்."

அன்றிலிருந்து நான் சைரன். என் மனைவிகூட வீட்டுக்கு வரும் உறவினர்களிடம், "சைரன் குளிக்கிறாரு, இப்ப வந்துருவாரு" என்று சொல்லும் நிலைமைக்கு வந்துவிட்டது.

அவர் ஏன் உட்காருவதில்லை என்பதற்கு ஊரில் பல கதைகள் உலவின. மூலம் என்றார்கள். வேண்டுதல் என்றார்கள். ஏதோ ஜோசியர் சொல்லிவிட்டார் என்றார்கள். உண்மையை ஒரு நாள் தேக்கா நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில், தே தாரிக் என்கிற நுரை பொங்க ஆற்றிய டீயைக் குடித்துக்கொண்டே அவரே சொன்னார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆபீஸுக்கு வெளியே நான் உட்காரலாம், அதற்கு அனுமதி உண்டு. அவர் பக்கத்தில் நின்றார்.

இளம் வயதில் அவர் காராங் குனி வேலை பார்த்தவர். மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு புளோக் புளோக்காகப் போய்ப் பழைய சாமான் வாங்குகிற வேலை. மற்றவர்கள் பேப்பர், பாட்டில், துணி எல்லாம் வாங்குவார்கள். இவர் இரும்பு மட்டும்தான். ஜன்னல் கம்பி, துருப்பிடித்த சைக்கிள், யாரோ மாமியாரின் தையல் மெஷின். பிறகு கப்பல் பட்டறைகளில் வெட்டி எறியும் துண்டுத் தகடுகளை அள்ளி வந்து, கேட் செய்கிறவர்களுக்கு விற்றார். அப்புறம் ஓர் ஆசை வந்தது. பழசை வாங்கி விற்றது போதும், புதுக் கம்பி விற்க வேண்டும். அப்போது கொடிகட்டிப் பறந்த ஒரு பெரிய இரும்பு வியாபாரியின் ஆபீஸுக்குச் சரக்கு கேட்டுப் போனார்.

"வாசல்ல கணக்கு எழுதுற கிராணி ஒருத்தன் இருந்தான். 'சிட், சிட், பாஸ் வருவாரு'ன்னான். நானும் மரியாதையா உட்கார்ந்தேன். சாயங்காலம் ஃபேனை நிறுத்திட்டுப் பூட்டப் போறப்பத்தான் நான் இருக்கிறதே அவனுக்கு ஞாபகம் வந்துச்சு. மறுநாளும் அதே பெஞ்சு. அடுத்த நாளும் அதே பெஞ்சு. அன்னைக்கு ஒருத்தன் வந்தான் பாரு. 'சிட்'டுன்னான் கிராணி. வந்தவன் காதுலயே வாங்கலை. நேரா நடந்து பாஸ் ரூமுக்குள்ள போனான். நின்னுக்கிட்டே பேசினான். சரக்கை லாரில ஏத்திக்கிட்டுப் போயிட்டான்."

"அப்புறம் நீங்க என்ன பண்ணீங்க அண்ணே?"

"எந்திரிச்சேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் உட்காரவே இல்லை. உட்கார வைக்கிறவன் வேலையை முடிக்க மாட்டான், உட்கார்ந்தவனும் வேலையை முடிக்க மாட்டான் என்பது அவருடைய சட்டம். பல வருஷம் கழித்து அந்தப் பெரிய வியாபாரியின் இடத்தையே விலைக்கு வாங்கினார். உள்ளே போனதும் முதல் வேலையாக அந்த இரும்புப் பெஞ்சைத் தூக்கிக்கொண்டுபோய் உருக்கப் போட்டார். இப்போது அது எங்கோ ஓர் அடுக்குமாடி வீட்டில் எட்டாவது மாடியைத் தாங்கிக்கொண்டு கம்பியாக நிற்கிறது. அதையும் அவர் உட்கார விடவில்லை.

இப்படி ஒரு மனிதர் கோடீஸ்வரர் ஆனால் என்ன நடக்கும்? வீட்டு வாசலில் பளபளப்பாகப் பெரிய கார் நிற்கும். ஆனால் காரில் ஏறினால் உட்கார வேண்டுமே! ஆகவே அவர் தினமும் ஃபேரர் பார்க்கில் எம்ஆர்டி ஏறி, அவுட்ரம் பார்க்கில் மாறி, மேலே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே ஜூரோங் வந்து சேருவார். கார் காலியாகப் பின்னால் வரும். நரைத்த தலையைப் பார்த்துவிட்டு யாராவது பள்ளிக்கூடப் பெண் எழுந்து இடம் கொடுத்தால் போதும், அவருக்கு ரோஷம் வந்துவிடும்.

"நான் என்னம்மா புள்ளத்தாச்சியா? நீ உக்காரு லா. நாளைக்குப் பரீட்சை இருக்கும்."

விமானத்தில் என்ன செய்வார் என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். "அது உட்கார்றது இல்லைடா. கட்டிப் போடறது" என்றார்.

ஒரு தடவை பெரிய ஹோட்டலில் விருந்து. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த கட்டுமானக் கம்பெனிக்காரர்கள் வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் கறுப்புக் கோட்டோடு மேஜை அருகே நிமிர்ந்து நிற்கிறார். அவர்களில் ஒருவர் விரலைச் சொடுக்கி, இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டு வரச் சொன்னார். தூண் அண்ணன் போய்த் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினார். முள்கரண்டி கேட்டார்கள், கொடுத்தார். மறுநாள் ஒப்பந்தம் பேச ஆபீஸுக்கு வந்த அதே ஆள், நேற்றைய சர்வர் எதிரே நிற்பதைப் பார்த்து வெலவெலத்துப் போனார். அதற்குப் பிறகு அவர் பேரமே பேசவில்லை. கேட்ட விலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நின்றபடியே கிளம்பிப் போனார்.

இந்தக் கொள்கையால் கஷ்டப்பட்ட ஒரே ஜீவன் நான்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது தப்பு. அவருடைய மனைவி பாக்கியம் அக்கா இருந்தார்.

அவர்கள் கல்யாணம் பதிவுத் திருமணம். இரண்டு வீட்டிலும் சம்மதமில்லை, மேளமில்லை, மணவறையில்லை. கையெழுத்தைக்கூட அவர் நின்றுகொண்டே போட்டுவிட்டு லோடு இறக்கப் போய்விட்டாராம். "அதனால என்னங்க, அறுபதாம் கல்யாணத்தை நல்லா செஞ்சுக்குவோம்" என்று அக்கா மனசைத் தேற்றிக்கொண்டார். அறுபதும் வந்தது. அக்கா அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச் சேலையும் எடுத்து வைத்துவிட்டார். அப்போதுதான் ஐயர், தம்பதி இருவரும் மணையில் உட்கார வேண்டும் என்ற உண்மையைச் சொன்னார்.

"அவ உட்காரட்டும். நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார் தூண் அண்ணன்.

"சாஸ்திரத்துல இடமில்லையே."

"இடம் இல்லாமத்தான் நிக்கிறேங்கிறேன்."

ஐயர் போய்விட்டார். அக்கா பட்டுச் சேலையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, எங்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டார். அன்றைக்கு ரசம் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் காரமாக இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணனுக்கு எழுபது நெருங்கும்போது கால் இரண்டும் வீங்க ஆரம்பித்தன. நரம்பு சுருண்டு போயிருக்கிறது, தினமும் சில மணி நேரமாவது உட்கார வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "வேற டாக்டரைப் பாரு" என்றார் அண்ணன். வேறு டாக்டரும் அதையே சொன்னார். "அவன் இவனுக்குச் சொந்தக்காரனா இருப்பான்" என்றார் அண்ணன்.

அவருடைய ஒரே மகள் மீனா வழக்கறிஞர். அப்பாவுக்குச் சற்றும் இளைத்தவள் இல்லை. ஒரு நாள் யார்டுக்கே வந்துவிட்டாள்.

"அப்பா, இனஃப் லா. ஒரு ஃபாரின் கம்பெனி நம்ம பிசினஸை வாங்கிக்கிறேன்னு சொல்லுது. வித்துட்டு ரெஸ்ட் எடுங்க. உங்க காலைப் பாத்தீங்களா? யானைக்கால் மாதிரி இருக்கு."

"யானை நிக்கிற பிராணிதானே?"

"ஜோக் அடிக்காதீங்கப்பா. ஐம் சீரியஸ். நீங்க இப்படியே நின்னுக்கிட்டே ஒரு நாள் விழுந்துட்டீங்கன்னா அம்மா என்ன பண்ணுவாங்க?"

அண்ணன் ஜன்னல் வழியாகக் கிரேனைப் பார்த்தார்.

"அவங்க வாங்கினா இங்க உள்ள ஆளுங்க?"

மீனா என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அவங்க ஃபுல் ஆட்டோமேஷன் பண்ணப் போறாங்க. மெஷினே தூக்கும், மெஷினே வெட்டும்."

மெஷின் தூக்கட்டும், வெட்டட்டும். கத்துவதற்கும் மெஷின் வைத்துவிட்டால் நான் எங்கே போவேன்? ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. பயப்படுவதைத் தவிர வேறு அனுபவம் கிடையாது. எந்தக் கம்பெனி அதற்கு ஆள் எடுக்கும்? என் கவலைக்கு அடுத்தபடியாக, கிரேன் ஓட்டும் முருகேசன், புதுக்கோட்டையிலிருந்து வந்து அங்கே கம்பி வளைத்துக்கொண்டிருக்கும் ஆட்கள் எல்லோரும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள். அண்ணன் இப்போது ஒரே வார்த்தையில் அவளை விரட்டிவிடுவார் என்று காத்திருந்தேன்.

"வரச் சொல்லு. பாக்கலாம்" என்றார் அண்ணன்.

அன்றைக்கு நான் போட்ட சத்தம் வெளியே கேட்கவில்லை. உள்ளுக்குள்ளேயே அடித்துக்கொண்டேன்.

வெளிநாட்டார் வரும் தேதி முடிவானது. மீனா என்னைத் தனியாக அழைத்து, "அங்கிள், ப்ளீஸ், அவங்களுக்கு ப்ராப்பரா சேர் போடுங்க. நிக்க வச்சுப் பேசுனா டீலே போயிரும்" என்றாள். டீல் போனால் எனக்கு நல்லதுதான். ஆனால் யார் எதைச் சொன்னாலும் 'சரிம்மா' என்று சொல்லிவிடுவது பதற்றக்காரர்களின் சாபக்கேடு. முதல் நாளே நல்ல ஆபீஸ் நாற்காலிகளாக வாங்கி வந்து ஸ்டோரில் ஒளித்து வைத்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், நாற்காலிக் கால்கள் பழைய இரும்புக் குவியலில் வகை வாரியாகப் பிரிக்கப்பட்டுக் கிடந்தன. மெத்தைப் பகுதியைத் தொழிலாளர்களிடம் தலையணைக்குக் கொடுத்துவிட்டிருந்தார் அண்ணன்.

"கால் நல்ல எஃகு லா. ஏமாத்தலை" என்று கடைக்காரனுக்கு நற்சான்றிதழ் வேறு.

வெளிநாட்டார் வர இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. நான் போனை எடுத்துக் கண்ணில் பட்ட எண்ணையெல்லாம் அழுத்தினேன். கடைசியில் சிக்கியவர், தேக்கா பக்கத்தில் கல்யாண அலங்காரம் செய்து கொடுக்கும் ஒரு தெரிந்தவர்.

"இன்னைக்கு முகூர்த்த நாளாச்சே லா! பிளாஸ்டிக் சேர் ஒண்ணுகூட இல்ல. மணவறை செட்டு ஒண்ணு மட்டும் நிக்குது. அதுகூடப் பாசிர் பாஞ்சாங்ல ஒரு பார்ட்டி கேன்சல் பண்ணதால."

"உட்கார முடியுமா?"

"அதுக்குத்தானே செட்டு? தங்க நாற்காலி ரெண்டு, சோபா ஒண்ணு. கைப்பிடியில சிங்கம் போட்டது."

"அனுப்புங்க! சிங்கமோ புலியோ அனுப்புங்க!"

அனுப்பினார். செட்டு என்றால் அவர்கள் தொழிலில் முழுச் செட்டு என்பது எனக்கு உறைக்கவில்லை. லாரியிலிருந்து இறங்கிய ஆட்களுக்குக் கைப்பழக்கம். நான் மீட்டிங் அறையில் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், யார்டின் நடுவே கிரேனுக்குக் கீழே சிவப்புக் கம்பளம் விரித்து, இரண்டு பக்கமும் வாழை மரம் கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டு, கம்பிக் கட்டுகளுக்கு முன்னால் தங்க நாற்காலிகளைப் போட்டு, ஸ்பீக்கரில் நாயனத்தையும் ஓடவிட்டுவிட்டார்கள். இரண்டு மாலையும் ஒரு தட்டு நிறைய அட்சதையும் தயார்.

நாயனச் சத்தம் கேட்டு நான் வெளியே ஓடினேன். அதற்குள் காரியம் கைமீறியிருந்தது. தொழிலாளர்கள் எல்லோரும் கையைக் கழுவி, ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைச் சீவிக்கொண்டிருந்தார்கள். முருகேசன் கிரேனிலிருந்து இறங்கி என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"சொல்லவே இல்லையே சார்! மொதலாளிக்கு எழுபதாங் கல்யாணம்னு! அறுபதுக்குத்தான் செஞ்சுக்கலை, இப்பவாவது மனசு வந்துச்சே!"

"ஐயோ முருகேசா, அது மீட்டிங்குக்குப் போட்ட சேருப்பா!"

"சும்மா இருங்க சார். மீட்டிங்குக்கு எவனாச்சும் வாழ மரம் கட்டுவானா?"

அடுத்து அவன் சொன்னதைக் கேட்டு அந்த வாழை மரத்தையே பிடித்துக்கொண்டேன்.

"அக்காவுக்குப் போன் போட்டு, 'மாப்பிள்ளை ரெடி, பொண்ணு இன்னும் கெளம்பலையா'ன்னு கேட்டேன் சார். மொதல்ல நம்பலை. நாயனத்தைக் கேக்க வச்சேன். டாக்ஸி புடிச்சு வந்துக்கிட்டு இருக்காங்க."

அந்த நேரம் பார்த்துத்தான் தூண் அண்ணன் ஆபீஸிலிருந்து வெளியே வந்தார். கம்பளத்தைப் பார்த்தார். சிங்கத்தைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். உருக்குவதற்கு முன்னால் பழைய இரும்பை அப்படித்தான் பார்ப்பார்.

"சைரன்."

"அண்ணே, மீனாதான் சேர் போடச் சொன்னுச்சு, முகூர்த்த நாள், பிளாஸ்டிக் இல்லேன்னாங்க, கட்டில் கிடைச்சாலும் கொண்டு வந்திருப்பேன், என்னை வேலையை விட்டுத் தூக்கிருங்கண்ணே, எப்படியும் மெஷின் வரப்போவுது..."

அவர் பதில் சொல்வதற்குள் டாக்ஸி வந்து நின்றது. பாக்கியம் அக்கா இறங்கினார். அரக்கு நிறப் பட்டு. பத்து வருஷம் அலமாரியில் கிடந்த மடிப்பு இன்னும் கலையவில்லை. தலையில் பூ, வரும் வழியில் எங்கோ டாக்ஸியை நிறுத்தி வாங்கியிருக்க வேண்டும். வாழை மரத்தையும் நாற்காலியையும் பார்த்துக்கொண்டே மெதுவாக நடந்து வந்தார். யார்டில் ஒரு வெட்டு மெஷின்கூட ஓடவில்லை.

"என்னங்க," என்றார் அக்கா. "இதெல்லாம் நீங்களா ஏற்பாடு பண்ணீங்க?"

கம்பளத்தின் ஓரத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணன் பொய் சொல்ல மாட்டார். முப்பது வருஷமாக ஒரு கம்பியின் நீளத்தில்கூடப் பொய் சொன்னதில்லை. 'இல்லை, சைரன் செஞ்ச முட்டாள்தனம்' என்று அவர் சொல்லிவிட்டால், அந்தச் சேலை திரும்ப அலமாரிக்குப் போகும். பிறகு எந்தக் காலத்திலும் வெளியே வராது.

"பின்ன?" என்றார் தூண் அண்ணன். "இதெல்லாம் சைரனா பண்ணுவான்?"

சொல்லிவிட்டு நடந்தார். கம்பளத்தில் ஏறினார். தங்க நாற்காலியை ஒரு தடவை விரலால் சுண்டிப் பார்த்தார். "தகரம்" என்றார். உட்கார்ந்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், பக்கத்து யார்டில் லாரிகள் ஹாரன் அடிப்பதை நிறுத்தின. முழங்கால் மடங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. துருப்பிடித்த கீல் திறப்பது மாதிரி. அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முருகேசன் மாலையை எடுத்துக் கொடுத்தான். ஸ்பீக்கரில் கெட்டிமேளம் வர நேரமாகும்போல இருந்தது. எங்கள் ஆட்களுக்கு அதுவரை பொறுமை இல்லை. ஆளுக்கொரு சுத்தியலை எடுத்து, கையில் அகப்பட்ட உத்திரம், தகடு, குழாய் எல்லாவற்றையும் அடித்தார்கள் பாருங்கள் ஒரு கெட்டிமேளம்! அப்படி ஒரு மேளம் இந்தத் தீவில் யார் கல்யாணத்திலும் கொட்டியிருக்காது.

அந்தச் சத்தத்தின் நடுவே மீனாவின் கார் நுழைந்தது. பின்னாலேயே வெளிநாட்டார் வந்த வண்டி.

நான் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்தேன். நல்லவேளையாகச் சிங்க சோபாவில் விழுந்தேன்.

அரை மயக்கத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். வந்தவர்கள் மூன்று பேர். உயரமாக ஒரு தலைவர், அவருக்குத் தலையாட்ட ஒருவர், தலையாட்டியதைக் குறித்துக்கொள்ள ஒருவர். இந்த ஊரில் வியாபாரம் இப்படித்தான் தொடங்குமாக்கும் என்று நினைத்த தலைவர், பவ்யமாக ஷூவைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் ஏறி, முருகேசன் கொடுத்த அட்சதையைத் தம்பதிமேல் போட்டார். மற்ற இருவரும் அதையே செய்தார்கள். மீனா வாயைத் திறந்தபடி நின்றாள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கறிஞர்கள் அழ மாட்டார்கள் என்று யாரோ எனக்குச் சொல்லியிருந்தார்கள். யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

தலைவர் கையைத் தேய்த்துக்கொண்டு, வாழ்த்துகள், இனி உட்கார்ந்து நம் வியாபாரத்தைப் பேசலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கழுத்தில் மாலையோடு சிங்கத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு அண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக எதிராளி நிற்கிறான், இவர் உட்கார்ந்திருக்கிறார்.

"டுடே கேனாட் லா. ஐ ஆல்ரெடி சிட். சிட்டிங், ஐ டோன்ட் டூ பிசினஸ்."

"தென் டுமாரோ?" என்றார் தலைவர்.

"டுமாரோ ஐ ஸ்டாண்ட். ஸ்டாண்டிங், ஐ டோன்ட் செல்."

குறித்துக்கொள்பவர் குறித்துக்கொண்டார். தலையாட்டுபவருக்கு எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியவில்லை.

"அப்பா!" என்றாள் மீனா. "உங்க கால்?"

"கால் என் கால். யார்டும் என் யார்டு. ரெண்டும் வீங்கித்தான் இருக்கும். இவனுங்க எல்லாம் இருக்கிற வரைக்கும் நான் நிப்பேன்." சுத்தியலோடு நின்ற ஆட்களைக் கையால் காட்டினார். "டாக்டர் என்ன சொன்னான்? நிக்காதேன்னு தானே? சரி, மத்தியானம் படுத்துக்கிறேன். உட்காரத்தான் மாட்டேன்."

"இப்ப உட்கார்ந்திருக்கீங்களே?" என்று கேட்டார் பாக்கியம் அக்கா.

"இது ஒனக்காக. கணக்குல வராது."

வெளிநாட்டார் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்; முருகேசன் அக்காவுக்கு மட்டுமா போன் செய்திருப்பான்? எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம். தம்பதி மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். செட்டை எடுத்துப் போக லாரி வரும்வரை அண்ணன் எழவே இல்லை. அக்கா எழுந்த பிறகுதான் எழுந்தார்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றிவருகிறார். தினமும் மத்தியானம் ஆபீஸின் நீள மேஜைமேல் கால்களைத் தூக்கி வைத்து மல்லாந்து படுத்துக்கொள்கிறார். அந்தக் கோலத்திலேயே போனில் சரக்கு பேசுகிறார். யாராவது புதிதாக உள்ளே வந்தால் முதலில் அதிர்ந்து, பிறகு கும்பிடுகிறார்கள். வீக்கம் குறைந்திருக்கிறது என்று மீனா சொல்கிறாள். டாக்டர் அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறார்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் நான் ஆபீஸுக்குப் போனபோது, என் மேஜை பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. கட்டடக் கம்பியை வளைத்து வெல்டிங் செய்தது. இரண்டு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாத கனம். கைப்பிடியில் சிங்கம் வைக்க முயன்றிருக்கிறார், பூனையாக முடிந்திருந்தது. அண்ணனின் விரலில் புதிதாக ஒரு தீக்காயம்.

"அண்ணே, இது..."

"நீ மயங்கி விழுறதுக்குடா. தெனமும் சோபாவா கெடைக்கும்?"

"அப்ப நான் இதுல உட்காரலாமா?"

"உட்காரக் கூடாது. விழலாம்."

இந்தக் கட்டுரையை அதில் விழுந்தபடியேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக நேரே இந்த நாற்காலியின்மேல் அடிக்கும். அண்ணன் இன்னும் படுக்கப் போகவில்லை. போன் பேசுகிற சாக்கில் ஜன்னல் பக்கம் நிற்கிறார், நிழல் என்மேல் விழுகிற இடமாகப் பார்த்து.